சத்தம் அடங்குகிற இடம்

என் தங்கை துதோரா ஒன்பது வயதில் ஒரு படகில் ஏறி இத்தாலிக்குப் புறப்பட்டாள்.

மே மாதம் அது. டான்யூப் ஆற்றில் ஊருக்கு எதிரே இருக்கிற தீவில் பாப்ளர் மரங்களின் காய்கள் வெடித்துப் பஞ்சு பறக்கிற காலம். அந்த நாட்களில் எங்கள் பிரைலா ஊரே பாதித் தூக்கத்தில் நடமாடுவதுபோல் இருக்கும். பஞ்சு சன்னல் ஓரங்களில் ஒதுங்கும், சூப்புக் கிண்ணத்தில் வந்து உட்காரும், பேசுகிறவர் வாய்க்குள் புகுந்து பேச்சை நிறுத்தும். அப்படி ஒரு மத்தியானத்தில் துதோரா, மீன்காரர் ஒருவருடைய படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டாள். துடுப்பைத் தொடக்கூட இல்லை. டான்யூப் அவளைத் தன்போக்கில் இழுத்துக்கொண்டு போனது. வெகுதூரம் தள்ளி, மணல் அள்ளும் ஆட்கள் படகைக் கண்டபோது அவள் மேலெல்லாம் பஞ்சு மூடியிருந்தது. செத்த பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தார்களாம். தொட்டு எழுப்பியவரின் கையை நறுக்கென்று கடித்துவிட்டாள்.

"எங்கடி கிளம்பிட்ட, பிசாசே?" என்று கையை உதறிக்கொண்டே கேட்டார் அவர்.

"எங்கம்மாகிட்ட."

"உங்கம்மா எங்க இருக்கா?"

"இத்தாலில. ஆறு கடலுக்குத்தானே போவுது? கடலுக்கு அந்தாண்ட இத்தாலிதானே?"

"அடி கூமுட்டை, இது போய்ச் சேர்ற கடலே வேற. இப்படியே போயிருந்தா துருக்கிக்காரன் வீட்டு வாசல்ல போய் நின்னுருப்ப."

அவர்கள் சிரித்த சிரிப்பு ஊர் முழுக்கப் பரவியது. அன்று முதல் தெருப்பிள்ளைகளுக்கு அவள் 'இத்தாலிக்காரி' ஆனாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றினார்.

அப்பா கொஸ்தாகே துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வானத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர் என்று சின்ன வயதில் எனக்குப் பெருமை. கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்த பிறகு கப்பல்கள் வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. கிரேன்கள் கொக்குகள் மாதிரி கரையோரம் துருப்பிடித்து நின்றன. அப்பா வானத்திலிருந்து இறங்கி எங்கள் சமையலறை நாற்காலிக்கு வந்தார். அவருக்கு முன்னால் பிளம் சாராயப் பாட்டில் இருக்கும். சுவரின் மறுபக்கம் நானும் துதோராவும் ஒரே கட்டிலில் படுத்திருப்போம். தட்டு உடையும், நாற்காலி விழும், அம்மாவின் குரல் ஏறும், அப்புறம் திடீரென்று அறுந்துபோகும். அந்த அறுந்துபோகிற இடம்தான் பயங்கரம். நான் போர்வைக்குள் தலையை விட்டு, பள்ளிக்கூடத்துப் பெருக்கல் வாய்ப்பாட்டை மனசுக்குள் ஓட்டுவேன். ஏழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் தூங்கிப்போவேன். துதோராவுக்கு அந்த வித்தை வரவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே கிடப்பாள். என்னைவிட நாலு வயது சின்னவள்.

அம்மா லியோந்தினா இத்தாலிக்குப் போனது, துதோரா படகில் ஏறியதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில். மலையடிவாரத்து ஊர் ஒன்றில், படுக்கையில் கிடக்கிற பணக்காரக் கிழவி ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் தெருவிலேயே பல வீட்டு அம்மாக்கள் அப்படிப் போயிருந்தார்கள். பஸ் விடியற்காலையில் கிளம்பியது. என்னை எழுப்பி முத்தமிட்டாள். துதோராவை எழுப்பவில்லை.

"அவ முழிச்சா என் பாவாடையை விட மாட்டாடா. அப்புறம் நான் எங்க போறது? நீ சொல்லிடு, ஆறே மாசம், அம்மா வந்துடுவான்னு."

பல நாள் கழித்து அன்றுதான் துதோரா அசந்து தூங்கியிருந்தாள். எழுந்தபோது அம்மா இல்லை. அவள் அழவில்லை. அம்மாவின் தலையணையில் கையை வைத்து, "இன்னும் சூடா இருக்குண்ணே," என்றாள். உண்மையில் அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு அவள் ராத்திரியில் தூங்குவதை நிறுத்திவிட்டாள். தூங்கினால் யாராவது போய்விடுவார்கள். பகலில், எல்லாரும் கண்ணெதிரே இருக்கிற வகுப்பறையில், மேசைமேல் தலைவைத்துத் தூங்குவாள். அக்லாயா டீச்சர் மரத்தில் மரம் அறைகிற சத்தத்தோடு ஸ்கேலால் மேசையில் அடித்து எழுப்புவார். துதோரா விழிப்பதும் பாய்வதும் ஒன்றாக நடக்கும். ஒருமுறை டீச்சர் கையில் அவள் பல் பதிந்தது. ஒருமுறை மைக்கூடு பறந்து சுவரில் தெறித்தது. பாடம் நடக்கும்போதே எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், கனவில் நடப்பவள்போல் வெளியே போய்விடுவாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் லிண்டன் மரங்களின் அடியில் போய் நிற்பாள்.

"உங்கம்மா இத்தாலில கிழவிக்குக் குண்டி கழுவுறாளாமே!" என்று ஒருநாள் ஒரு பெண் படியில் வைத்துக் கேட்டாள். துதோரா அவளைத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பல் போயிற்று.

அப்பாவைக் கூப்பிட்டார்கள். குடித்துவிட்டுத்தான் வந்தார். நீளமான நடைபாதையில், எல்லா வகுப்புக் கதவுகளும் திறந்திருக்க, அவளை அடித்தார். அக்லாயா டீச்சர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கிற அளவுக்கு வெளியே எதுவும் இல்லை. அடி வாங்கும்போது துதோரா ஒரு சத்தமும் போடவில்லை. முடிந்ததும், "அவ்வளவுதானாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காக இன்னும் இரண்டு விழுந்தது.

பதினோரு வயதில் அவளை 'அடங்காத பிள்ளைகளுக்கான' விடுதிப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே, மஞ்சள் கடலில் தரைதட்டிய கப்பல் மாதிரி நின்ற கட்டிடம். கோடையில் ரொட்டியும் செர்ரி ஜாமும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் பார்க்கப் போனேன். முசுக்கொட்டை மரத்தடி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். விழுந்த பழங்களால் தரை ஊதாவாக இருந்தது. அவள் கால்களும் ஊதா. என்னைப் பார்த்து மெதுவாக, மிக மெதுவாகச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"அடிக்கிறாங்களா இங்க?"

"இல்லண்ணே. மாத்திரை குடுக்கறாங்க. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"எதுக்கு?"

"சும்மா இருக்கறதுக்கு." ஒரு பழத்தை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "முழுங்கினா தண்ணிக்கடில இருக்கற மாதிரிண்ணே. கண்ணு தொறந்திருக்கும், ஆனா யாரு கத்தினாலும் தூரத்துல கேக்கும். ராத்திரி தூங்கறேன் தெரியுமா? படுத்தா காலைலதான்."

அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தேனீக்களின் ரீங்காரம். வயல் முழுக்கப் பூக்கள் ஒரே பக்கம் முகம் திருப்பி நின்றன. திரும்பும் பஸ்ஸில் எனக்கும் நிம்மதியாகவே இருந்தது. என் தங்கை தூங்குகிறாள் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வருடம் கழித்து விடுதியிலிருந்து விட்டார்கள். பள்ளிக்கூடம் முடிந்தது, அதோடு மாத்திரையும் முடிந்தது. அவள் உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்று வீட்டில் யாரிடமும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவளுடைய ராத்திரித் தூக்கம் மறுபடியும் போயிற்று. சமையலறை நாற்காலியில் அப்பா அப்படியே இருந்தார். வீட்டின் சத்தமெல்லாம் ஒன்று விடாமல் அவளுக்காகக் காத்திருந்தது. முதல் வாரத்திலேயே அப்பாவின் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அப்புறம் இருமல் மருந்து. அப்புறம் துறைமுகத்துக் கிடங்கில் மற்றப் பிள்ளைகளோடு பசை டப்பா.

"ஏண்டி இந்தக் கருமத்தை மோந்து சாவுற?" என்று ஒருநாள் டப்பாவைப் பிடுங்கினேன். அப்போது நான் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் கற்றுக்கொண்டிருந்தேன்.

"உனக்கு வாய்ப்பாடு இருக்கு. எனக்கு என்ன இருக்கு?" என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு மாதத்தில் வருவதாகச் சொன்ன அம்மா, கோடையில் இரண்டு வாரம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் என்று விருந்தாளிபோல் வந்துபோனாள். பெட்டி நிறைய சாக்லேட்டும் கம்பளிச் சட்டைகளும் இருக்கும். சட்டைகள் எப்போதும் ஒரு வருடம் சின்னதாக இருக்கும். துதோராவுக்குப் பதினைந்து வயதில், ஒரு ஜூன் மாதம், லிண்டன் பூத்து ஊரே தேன் வாசனையாக இருந்த மத்தியானத்தில், அம்மா அவளைச் சன்னலோரம் உட்காரவைத்துத் தலை வாரினாள். சிக்கை விரலால் பிரித்து, நுனியிலிருந்து மேலே மேலே, வலிக்காமல். துதோரா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். அந்தச் சில நிமிஷம் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது போலிருந்தது.

"நல்லா வார்றம்மா," என்றாள் துதோரா.

"பழக்கம்தான், கண்ணு."

"அந்தக் கிழவிக்கும் இப்படித்தான் வாருவியா?"

அம்மாவின் கை நின்றது. "தினமும் வாரணும். இல்லன்னா சிக்கு விழுந்துடும்."

"தினமுமா?"

துதோரா எழுந்து சமையலறைக்குப் போய், கத்தரிக்கோலை எடுத்துத் தன் தலைமுடியைக் காதளவுக்கு வெட்டிப் போட்டாள். "இனிமே யாருக்கும் சிரமம் இல்ல," என்றாள். அம்மா தரையில் உட்கார்ந்து முடியைப் பொறுக்கினாள். அந்த வாரமே துதோரா லிவியு என்ற பையனோடு கடற்கரை ஊருக்குப் போய்விட்டாள்.

லிவியு கெட்டவன் இல்லை. அவனும் அதே சூரியகாந்திக் கட்டிடத்திலிருந்து வந்தவன். கடற்கரை ஓட்டலில் இருவரும் தட்டுக் கழுவினார்கள். ஹெராயினை முதலில் ஊசியில் ஏற்றிக் கொடுத்தது அவன்தான். அதை அவள் எனக்குச் சொன்ன விதம் மறக்கவில்லை.

"அம்மா தலையணை சூடா இருந்துச்சுல்ல? அந்தச் சூடுண்ணே. ஆனா ஆறவே ஆறாது. உள்ளுக்குள்ள ஒரு பேச்சுமூச்சு இருக்காது."

"அப்புறம்?"

"அப்புறம் ஆறிடுது," என்று சிரித்தாள்.

லிவியு ஒரு குளிர்காலத்தில் அதிகமாக ஏற்றிக்கொண்டு செத்துப்போனான். அவள் தலைநகருக்குப் போனாள். அங்கே அவள் என்னென்ன செய்து பிழைத்தாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இடையில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மறைந்தாள். ஒரு தடவை என் வெல்டிங் கண்ணாடி. அதை யார் வாங்கியிருப்பார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அப்பா செத்த செய்தியைச் சொல்லத் தேடிக்கொண்டு போனபோது, தலைநகரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் அவளைக் கண்டேன். அக்டோபர் மாத வெயில். பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் மஞ்சள் இலைகள் விழுந்து கிடந்தன. முகத்தில், விடுதியில் பார்த்த அதே மெதுவான சிரிப்பு. முப்பது வயது ஆகவில்லை, கைகள் கிழவியின் கைகள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எழுப்பாதண்ணே," என்றாள் கண் திறக்காமல். என் காலடிச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"எழுப்பினா கடிப்பியா?"

"கடிக்கப் பல்லு எங்க இருக்கு?" என்று வாயைத் திறந்து காட்டினாள். இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு சொன்னேன்.

அவள் மடியிலிருந்த இலைகளைத் தட்டிவிட்டாள். "கத்தினாரா, சாகும்போது?"

"இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு."

"குடுத்து வெச்சவரு," என்றாள். அதில் கேலி இல்லை.

அடக்கத்துக்கு வந்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அப்பாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கிரேன் பிடிகளின் காய்ப்பு அப்படியே இருந்தது. "இந்தக் கையால ஒருதடவ என்னைத் தூக்கி கிரேன் மேல, அந்தக் கண்ணாடி அறைக்குள்ள வெச்சிருக்காருண்ணே. ஆறு முழுசும் தெரிஞ்சுது," என்றாள். எனக்கு அது தெரியாது. நடந்ததா, அவள் கனவில் கண்டதா என்றும் தெரியாது. மறுநாள் காலையில் அவள் இல்லை.

அடுத்த வருடம் இத்தாலியில் கிழவி இறந்தாள். அவளுக்குப் பிறகு அம்மா பார்த்துக்கொண்ட கிழவரும் கொஞ்ச நாளில் இறந்தார். அம்மா திரும்பி வந்துவிட்டாள், இடுப்பு வலியோடும் இரண்டு பெட்டிகளோடும். என்னிடம் அவள் முதலில் கேட்டது, "அவ எங்க?" என்பதுதான். சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

"இங்க கூட்டிட்டு வா."

"அவ வரமாட்டாம்மா. வந்தாலும் தாங்க முடியாது. வாந்தி, பேதி, கத்தல். உன்னால ஆகாது."

"டேய், பதினேழு வருஷமா நான் என்ன அங்க பூப்பறிச்சிட்டு இருந்தேனா?"

துதோரா வந்தாள், அவளுக்கே போக்கிடம் இல்லாத ஒரு பனிக்காலத்தில். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்தோம். மாற்று மருந்து எழுதிக் கொடுத்து, மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும், வீட்டில் ஆள் வேண்டும் என்றார். ஆள் இருந்தது.

அந்த நாட்களில் பனி விழுந்துகொண்டே இருந்தது. சன்னலுக்கு வெளியே தெருவே அழிந்துபோயிற்று. நான் வேலையிலிருந்து வந்து கதவோரம் நின்று பார்ப்பேன். அம்மா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து விரிப்பை உருவுகிற விதம், ஈரத்துணியைக் கழுத்தடியில் கொண்டுபோகிற விதம், ஸ்பூனை உதட்டோரம் வைத்துக் காத்திருக்கிற பொறுமை, எல்லாம் வேறு யாரோ செய்வதுபோல் இருந்தது. கூடவே பேசிக்கொண்டே இருந்தாள், இத்தாலிய மொழியில். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலை நாங்கள் இருவரும் ஒருபோதும் கேட்டதில்லை. ஆறு கரையை நக்குகிற மாதிரி ஒரு குரல்.

ஒரு மத்தியானம் துதோரா ஸ்பூனைத் தட்டிவிட்டாள். சூப்பு சுவரில் தெறித்தது.

"யாருகூடப் பேசிட்டிருக்க? நான் உன் கிழவி இல்ல! என் பேரு துதோரா!"

அம்மா சுவரைத் துடைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தெரியும்."

"அப்ப நம்ம பாஷைல பேசு. அவளுக்கு மட்டும்தான் அப்படிக் கொஞ்சுவியா? பதினேழு வருஷம்மா!"

"வர மாட்டேங்குதுடி." அம்மா ஸ்பூனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதையெல்லாம் நான் அங்கதான் கத்துக்கிட்டேன். 'வலிக்குதா', 'இதோ ஆச்சு', 'நான் பக்கத்துலதான் இருக்கேன்'. எல்லாம் அந்தப் பாஷைலதான் வாயில வருது. நம்ம பாஷைல உனக்கு நான் சொன்னதெல்லாம் 'போய்ட்டு வந்துடறேன்' ஒண்ணுதான். வாயத் தொறந்தா அதுதான் வரும்னு பயமா இருக்கு."

பனி சன்னலில் சத்தமில்லாமல் ஒட்டியது. துதோரா நடுங்கிக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள்.

"'பக்கத்துலதான் இருக்கேன்'. அத எப்படிச் சொல்லுவ?"

அம்மா சொன்னாள்.

"இன்னொரு தடவ."

அம்மா மறுபடியும் சொன்னாள். எத்தனை தடவை சொன்னாளோ, நான் அடுப்புக்கு விறகு வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது துதோரா தூங்கியிருந்தாள். அம்மாவும் உட்கார்ந்தபடி, அவள் காலடியில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. வசந்தத்தில் ஒருநாள் மருந்து வாங்கப் போன துதோரா நாலு நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது, ஊசி ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஆவதுபோல், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நான் கத்தினேன். அம்மா கத்தவில்லை. தண்ணீர் சுடவைத்தாள். முதலிலிருந்து தொடங்கினார்கள். அதற்கடுத்த வருடமும் ஒருமுறை அப்படி ஆயிற்று. டாக்டர் அதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. "திரும்பி வர்றாங்களே, அதப் பாருங்க," என்றார்.

இப்போது துதோராவுக்கு நாற்பது நெருங்குகிறது. அந்தக் கசப்பான மாற்று மருந்தை இன்றும் குடிக்கிறாள், அளவு குறைந்திருக்கிறது. கல்லீரல் கெட்டுப்போயிருக்கிறது. நகரசபைத் தோட்டக்காரர்களோடு பாதிநாள் வேலை. வெயில் ஏறுவதற்குமுன் தெருவோர மரங்களுக்கெல்லாம் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டு அவள் நடந்து போவதைக் கப்பல் தளத்துக்குப் போகிற வழியில் பார்ப்பேன். என்னைக் கண்டால் குழாயை என் பக்கம் திருப்புவாள். சில நாள் முகம் இருண்டிருக்கும். அன்றைக்கு நான் பேச்சுக் கொடுக்காமல் கொஞ்சதூரம் கூடவே நடப்பேன்.

நான் தனி வீடு போய்விட்டாலும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் துதோராவும் இருக்கிற வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. போன ஞாயிறு அம்மா இத்தாலிக்காரர்கள் மாதிரி பாஸ்தா செய்திருந்தாள். துதோரா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேகவே இல்ல."

"இப்படித்தான் இருக்கணும். கடிச்சா கொஞ்சம் நிக்கணும்."

"யாரு கடிக்கறது? எனக்கு இருக்கறது கட்டின பல்லு."

"பதினேழு வருஷம் செஞ்சேன், ஒருத்தரும் குறை சொல்லல."

"அவங்களுக்கும் பல்லு கிடையாது, பாவம், எப்படிச் சொல்லுவாங்க?"

அம்மா சட்டியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் மறுபடியும் வைத்தாள். முணுமுணுத்தாள். துதோரா பதிலுக்கு முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் நின்று, ஒருத்தி உப்பைப் போட, மற்றவள் போடாதே என்று கையைப் பிடிக்க, சத்தம் தெருவுக்கே கேட்டது. நான் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு, பாஸ்தா வேகும்வரை காத்திருந்தேன்.